தரகர் கமிஷன் தண்டச் செலவா?

கேள்வி: வீடு வாங்கப் போகிறோம். தரகருக்குக் கொடுப்பது தண்டம் என்கிறார் கணவர். உள்ளூர்த் தரகரால் பணம் மிச்சமாகுமா?

பதில்: பல வருடம் தரகு பார்த்தவன் நான், கொஞ்சம் என் கட்சி பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது, இந்த வீடு எத்தனை மாதமாக விலைபோகாமல் கிடக்கிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பேரத்தில் அதுதான் பிடி. ஒருமுறை ஒரே ஒரு சுவரில் மட்டும் புது பெயின்ட் வாசம் அடித்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் முழுக்க ஓதம். பழுதுச் செலவை விலையில் கழிக்க வைத்தோம்.

தரகரால் விற்பவருக்கும் நன்மைதான். அவர் ஆசையில் விலையை ஏற்றிவிட்டு அப்புறம் இறக்கினால், ‘ஏதோ வில்லங்கம்’ என்று ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். நல்ல தரகர் அதைத் தடுப்பார்.

சரி, கமிஷன்? இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்று கேளுங்கள். தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே வீடு பார்க்கக் கிளம்புங்கள்.