ஒரு தனிமம் தனிம வரிசை அட்டவணையில் இருக்கும் இடத்தை மட்டும் வைத்து அதன் பண்புகளைச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதற்கு 118 பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தேவையில்லை. மந்த வாயுக்களின் அணு எண்கள் ஏழையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2, 10, 18, 36, 54, 86, 118. ஏழு தொடர்களும் (கிடை வரிசைகளும்) முடியும் இடங்கள் இவை. மற்ற தனிமங்களின் இடத்தைக் கழித்தல் கணக்கிலேயே பிடித்துவிடலாம்.

செலினியத்தை எடுத்துக்கொள்வோம். அணு எண் 34. அதற்கு முந்தைய மந்த வாயு ஆர்கான், 18. கழித்தால் 16. ஆகவே ஆர்கானுக்கு அடுத்த நான்காம் தொடர், 16-ஆம் தொகுதி (நெடுவரிசை). தலைக்கு மேலே கந்தகம். இவ்வளவு தெரிந்ததும் வேதியியலைச் சொல்லத் தொடங்கிவிடலாம். வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனோடு சேர்ந்தால், ஹைட்ரஜன் சல்பைடைப் போலவே, ஒரு செலினியத்துக்கு இரண்டு ஹைட்ரஜன். காற்றில் எரித்தால் டை ஆக்சைடு. ஆக்சிஜனேற்ற எண் அதிகபட்சம் +6. நான்குமே சரி.

கணக்கில் இரண்டு திருத்தங்கள் உண்டு. இரண்டாம், மூன்றாம் தொடர்களில் இடைநிலைத் தனிமங்கள் கிடையாது. அங்கே மீதி 2-ஐத் தாண்டினால் 10 கூட்ட வேண்டும். குளோரினுக்கு 17-இல் 10 போக 7. பத்தைக் கூட்டினால் 17-ஆம் தொகுதி. ஆறாம், ஏழாம் தொடர்களில் மீதி 18 அல்லது அதற்கு மேல் வந்தால் 14-ஐக் கழிக்க வேண்டும். ஈயம் 82, அதில் 54 போக 28, மேலும் 14 போக 14. கார்பனின் தொகுதி. மீதி 3 முதல் 17 வரை வந்தால் அது கீழே தனியாக அச்சிடப்படும் இரண்டு வரிசைகளில் (லாந்தனைடுகள், ஆக்டினைடுகள்) ஒன்று. (இட்ரியத்துக்குக் கீழே லாந்தனத்தை வைப்பதா, லுட்டீசியத்தை வைப்பதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.) இலங்கை வாசகர்கள் தொடரை ஆவர்த்தனம் என்றும் தொகுதியைக் கூட்டம் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

இடம் ஏன் பண்பைச் சொல்கிறது? 1869-இல் மெண்டலீவ் அணு நிறைப்படி அடுக்கினார். ஆனால் டெலூரியம் 127.6, அயோடின் 126.9. நிறையை நம்பினால் அயோடின் முன்னால் வந்து, குளோரின், புரோமின் அடங்கிய ஹாலஜன்களை விட்டு விலகிவிடும். பண்புகளைப் பார்த்து அவர் டெலூரியத்தையே முன்னால் வைத்தார். அது சரிதான் என்று 1913-இல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் அளவீடுகள் காட்டின: வரிசையை நிர்ணயிப்பது நிறை அல்ல, அணுக்கருவின் மின்சுமை.

அந்த மின்சுமை வெளி எலக்ட்ரானை எவ்வளவு இழுக்கிறது, அந்த எலக்ட்ரான் எத்தனையாவது கூட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும். ஒரு தொகுதியில் கீழே இறங்க இறங்கக் கூடு கூடும், பிடி தளரும். முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்), மோலுக்குக் கிலோஜூலில்: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, சீசியம் 376. தொடரில் வலப்புறம் போகும்போது கூடு மாறாது, புரோட்டான் மட்டும் ஒவ்வொன்றாக ஏறும், பிடி இறுகும். சோடியத்தின் 496, ஆர்கானில் 1521.

இடையில் இரண்டு சறுக்கல்கள் இருக்கின்றன. தேர்வில் பலர் தவறுவது இங்கேதான். மெக்னீசியம் 738, அலுமினியம் 578. பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. இவற்றை ‘விதிவிலக்கு’ என்று எழுதிவிட்டு நகர்வது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஸ், பி, எஃப் போன்ற உட்கூடுகள் உண்டு. அலுமினியம் இழக்கும் எலக்ட்ரான் மூன்றாம் கூட்டின் 3எஸ்-இல் இருந்து அல்ல, ஆற்றல் கூடிய 3பி-யில் இருந்து. அதனால் எளிதில் வருகிறது. பாஸ்பரஸில் மூன்று பி ஆர்பிட்டால்களிலும் (எலக்ட்ரான் அறைகளிலும்) ஆளுக்கொரு எலக்ட்ரான். கந்தகத்தில் நான்காவது எலக்ட்ரான் ஏதோ ஒன்றில் இரண்டாம் ஆளாக உட்கார வேண்டும். அந்த விலக்கு விசையே அதை வெளியேற்ற உதவுகிறது. விதி உடையவில்லை, நுணுக்கமாக வேலை செய்கிறது.

தொகுதி எண்ணுக்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களைப் பாருங்கள். மெக்னீசியத்துக்கு 738, 1451, அதன்பின் 7733. இரண்டுக்குப் பிறகு சுவர். மெக்னீசியம் ஏன் எப்போதும் +2 என்பதற்கு இதைவிட நல்ல விடை இல்லை.

அட்டவணையின் கீழ்ப்பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். கார்பன், சிலிக்கான் இரண்டுக்கும் +4 இயல்பானது. அதே தொகுதியில் ஈயத்துக்கு வந்தால் +2 தான் நிலையானது. 6எஸ் எலக்ட்ரான் இணை கருவோடு ஒட்டிக்கொண்டு பிணைப்புக்கு வர மறுக்கிறது. +4 நிலையிலுள்ள ஈய டை ஆக்சைடு, +2-க்கு இறங்கத் துடிக்கும் வலுவான ஆக்சிஜனேற்றி. கார் பேட்டரியின் நேர்மின் தகட்டில் வேலை செய்வது அந்தத் துடிப்புதான்.

அட்டவணையின் வல்லமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது 4-ஆம் தொகுதி. சிர்கோனியத்துக்குக் கீழே ஹாஃப்னியம். ஒரு கூடு கூடியதால் அணு பெரிதாக வேண்டும். ஆகவில்லை: ஆரம் ஏறத்தாழ 160 பிகோமீட்டர், 159 பிகோமீட்டர். இடையில் லாந்தனைடுகள் புகுந்திருக்கின்றன. 14 புரோட்டான்கள் ஏறின. உடன் வந்த எஃப் எலக்ட்ரான்களோ மின்சுமையைச் சரியாக மறைக்கவில்லை. அணு சுருங்கிவிட்டது. அளவு ஒன்று, இணைதிறன் ஒன்று என்றால் வேதியியலும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் சிர்கோனியத் தாதுவுக்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியம் 1923-இல்தான் கோபன்ஹேகனில், அதுவும் எக்ஸ் கதிர் நிறமாலை மூலம், கண்டறியப்பட்டது.

ஆனால் அட்டவணை எலக்ட்ரான்களின் கதையைத்தான் சொல்லும். அணுக்கரு நியூட்ரானிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. சிர்கோனியம் நியூட்ரானை ஏறக்குறைய விழுங்காது. அதனால் அணு உலையில் யுரேனிய எரிபொருளுக்கு உறையாகிறது. ஹாஃப்னியம் அதைப்போல் பல நூறு மடங்கு விழுங்கும். அதனால் கட்டுப்படுத்தும் தண்டாகிறது. உறைக்கான உலோகத்தில் ஹாஃப்னியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் என்ற தாதுவில் இரண்டும் கலந்தே வரும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு உலைத் தரச் சிர்கோனியம் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. இத்தகைய பிரித்தலில் இரண்டும் கரைந்த நைட்ரிக் அமிலக் கரைசலை, மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானில் கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரிமச் சேர்மத்தோடு கலக்குவார்கள். சிர்கோனியம் கரிமக் கரைப்பானுக்கு அதிகமாகத் தாவும். ஹாஃப்னியம் பெரும்பாலும் நீரிலேயே தங்கும். அந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான், கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்பக் கலக்கி இரண்டையும் பிரிக்கிறார்கள்.