ராபர்ட் ஜான்சன்: எந்தத் தட்டு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் பெயர்பெற்ற பாடகர் ராபர்ட் ஜான்சனைக் கேட்கலாமென்று பாட்டுச் செயலியில் தேடினால் ஏகப்பட்ட தொகுப்புகள் வருகின்றன. ஒன்றில் அதே பாட்டு அடுத்தடுத்து இரண்டு முறை ஓடுகிறது. எல்லாவற்றிலும் இரைச்சல். போதாததற்கு, அசல் தட்டிலேயே 20 சதவீதம் வேகம் கூட்டிவிட்டார்கள், மெதுவாக்கித்தான் கேட்க வேண்டும் என்கிறான் நண்பன். எதில் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜான்சன் பதிவுக்காகப் பாடியது மொத்தம் ஐந்தே நாள். 1936 நவம்பர் 23, 26, 27 தேதிகளில் சான் அன்டோனியோவின் கன்டர் ஹோட்டலில் 16 பாடல்கள்; 1937 ஜூன் 19, 20இல் டல்லஸில் 13. மறு ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். இந்த 29இல் 13 பாடல்களுக்கு இரண்டு டேக் (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை பாடிப் பதிந்ததும் ஒரு டேக்) கிடைத்திருக்கின்றன. ஆக 42.

நீங்கள் மாட்டிக்கொண்டது 1990இல் கொலம்பியா வெளியிட்ட ‘த கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்’ ஆக இருக்கும். 41 டேக்குகள், மாற்று டேக்கை அசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கு வசதி, புதிதாகக் கேட்பவருக்குத் தண்டனை.

1961இல் வந்த ‘கிங் ஆஃப் த டெல்டா புளூஸ் சிங்கர்ஸ்’ஸில் தொடங்குங்கள். 16 பாடல்கள், 1998 மறுபதிப்பில் 17. கூடுதலாகச் சேர்ந்த ‘டிராவலிங் ரிவர்சைட் புளூஸ்’ மாற்று டேக்தான் அந்த 42ஆவது. ‘லவ் இன் வெயின்’, ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’ இரண்டும் இந்தத் தட்டில் கிடையாது. அதற்கு 2011இல் வந்த ‘த சென்டெனியல் கலெக்‌ஷன்’ வேண்டும். முதல் தட்டு சான் அன்டோனியோ, இரண்டாவது டல்லஸ். மாற்று டேக்குகளைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். காசு கொடுத்து ஒன்றுதான் வாங்குவீர்களென்றால் இதை வாங்குங்கள்.

ஆனால் கடைசிக்குப் போனதெல்லாம் கழித்துப்போட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அன்று நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் ‘78’ தட்டாக வந்தது எதுவோ அதுதான் அங்கே ‘அசல்’, அவ்வளவே. ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ முதல் டேக் நிதானமானது. நடுவில் பாட்டை நிறுத்தி, காற்று ஊளையிடுவது கேட்கவில்லையா என்று பேச்சாகவே கேட்பார், கிதார் பதில் சொல்லும். கம்பெனி அதை விட்டுவிட்டு வேகமான இரண்டாம் டேக்கை வெளியிட்டது. 1961 தட்டில் இருப்பது முதல் டேக். ‘கிராஸ் ரோட் புளூஸ்’ஸில் நேர்மாறு: 1961இல் போட்டது இரண்டாம் டேக், 78இல் வந்த முதல் டேக்கில்தான் தவிப்பு அதிகம் என்பது என் கட்சி.

மலிவுத் தொகுப்புகளைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் இந்தப் பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். ஆல்பத்தின் அடியில் கொலம்பியா, லெகசி, சோனி பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை மோனோ பதிவுகள், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான். இரண்டு காதிலும் வேறு வேறாகக் கேட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரைச்சலே இல்லாத பதிப்பையும் நம்ப வேண்டாம். கம்பியை விரல் சுண்டும் கூர்மையும் தட்டின் இரைச்சலும் ஒரே மேல் அலைவரிசையில் கிடக்கின்றன, ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். செயலியில் பாஸ் கூட்டியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் விஷயம். 20 சதவீதம் கூடியிருந்தால், 78 சுற்றில் ஓடுவது 65இல் பதிவாகியிருக்க வேண்டும். அதை நேராக்க 16.7 சதவீதம் குறைக்க வேண்டுமே தவிர 20 அல்ல. 20 குறைத்தால் 62.4க்கு இறங்கிவிடும். 20 சதவீதம் கூடியது என்றால், சுருதிக் கணக்கில் ஒரு கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கும் மேலே கேட்கிறார் என்று பொருள். இரண்டு ஊர்களில், ஏழு மாத இடைவெளியில், ஒரே அளவு பிழை நடந்திருக்க வேண்டும். அதே நாட்களில் அதே கருவிகளில் பாடிய மற்றவர்களுடைய தட்டுகளும் அப்படி ஓட வேண்டும். அந்தக் காலத் தட்டுகளில் சிறிய வேக வித்தியாசம் சகஜம்தான். 20 சதவீதம் வேறு சமாச்சாரம். மெதுவாக்கிக் கேட்டும் பாருங்கள், குரலின் நடுக்கம் ஆட்டமாகிவிடும், சொற்கள் இழுபடும்.

முதல் நாளைக்கு நான்கு போதும்: ‘கிச்சன்’ முதல் டேக், ‘டெரப்பிளேன் புளூஸ்’, ‘மீ அண்ட் த டெவில்’, ‘ஹெல்ஹவுண்ட் ஆன் மை ட்ரெயில்’. ஹெட்ஃபோனில் வேண்டாம், அறையில் ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். இரண்டாவது பாட்டுக்குள் இரைச்சல் காதை விட்டுப் போயிருக்கும்.