அமெரிக்கன் ஸ்டடீஸ் ஆழமான படிப்பா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், பொருளியலை விட்டுவிட்டு, அமெரிக்கச் சமூகத்தையும் பண்பாட்டையும் ஆராயும் அமெரிக்கன் ஸ்டடீஸை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புகிறாள். வரலாறு, இலக்கியம், இசை, சமூகவியல் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித்தருவார்கள் போலும். அதற்கு வரலாற்றையே முறையாகப் படிக்கலாமே என்றேன், வருத்தப்பட்டாள். இது ஆழமான படிப்புதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஐயம் நியாயமானது. அத்துறையினரே நெடுநாளாகத் தங்களுக்குள் கேட்டுவரும் கேள்வி அது. ஆயினும் நன்றாக நடத்தப்படும் இடங்களில், மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அது இட்டுச்செல்லும் துறைகளுக்கெல்லாம் அதன் பின்னால் போகப் பழகுகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1941இல் அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகரின் பாட்டை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்காக, நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்; சில ஆண்டுகளில், கறுப்பின மக்களின் இசைவடிவமான அந்தக் கிராமத்து ப்ளூஸ் அவர் கையில் மின்கிதாரின் இசையாயிற்று. இந்த மாற்றத்தை இசை இலக்கணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. குத்தகைப் பருத்தி விவசாயம் கறுப்பின மக்களைத் தீராக் கடனில் வைத்திருந்தது, தெற்கின் நிறவெறிச் சட்டங்கள், போர்க்காலத்தில் வடக்கின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, வடக்கே வரச்சொல்லி எழுதிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பின வார இதழைப் புல்மன் நிறுவனப் படுக்கைவசதி ரயில்பெட்டிகளின் பணியாளர்கள் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என எல்லாவற்றையும் அறிந்தாக வேண்டும். மடி வாட்டர்ஸ் ஊரைவிட்டுப் போன மறு ஆண்டே, அதே வட்டாரத்தின் ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டன. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வெளியேறினர். சிகாகோவிலோ, கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகள் அவர்களைச் சில பகுதிகளுக்குள் நெருக்கி அடைத்தன. அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். அப்பகுதிகளின் மதுக்கூட இரைச்சலில் சாதாரணக் கிதார் காதில் விழாது. ஆக அந்த மின்கிதாரின் ஒலிக்குள் நிலவுடைமை, சட்டம், இயந்திரம், இடப்பெயர்வு அத்தனையும் இருக்கின்றன. இவற்றைத் தனித்தனி வகுப்பறைகளில் கற்பவருக்கு, ஒன்று மற்றொன்றை எப்படி உருவாக்கிற்று என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது.

1930களில் ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் வரலாற்றையும் இலக்கியத்தையும் இணைத்துத் தொடங்கிய இத்துறைக்கு, 1951இல் தனிச் சங்கம் அமைந்தது. தொடக்ககால அறிஞர்கள் பலர், பெரும்பாலும் வெள்ளை ஆண்கள் எழுதிய நூல்களைக் கொண்டே ஒரு முழு நாட்டின் மனத்தை வரையறுக்க முயன்றனர். 1960களுக்குப் பிறகு கறுப்பின, பூர்வகுடி, பெண்ணியச் சிந்தனையாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று இத்துறைக்கு இருக்கும் மதிப்பு பெரும்பாலும் அந்த எதிர்ப்பால் வந்தது என்றே கருதுகிறேன்.

உங்கள் மகளின் ஈடுபாட்டுக்குச் சொந்தக் காரணமும் இருக்கக்கூடும். இந்தியரான பகத் சிங் திண்ட் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாடு அது. நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து நம்மவர் பெருமளவில் வர வழிசெய்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் பிறந்தது. உங்கள் குடும்பம் அங்கே வாழ்வதும் அவள் படிக்க விரும்பும் பாடத்துக்குள்தான் வருகிறது.

நீங்கள் அஞ்சும் ஆபத்து உண்மையானது. பிடித்த வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போய், எந்த ஆய்வுமுறையிலும் தேர்ச்சியின்றிப் பட்டம் பெற்றுவிட முடியும். ஆகவே ஆவணக்காப்பக ஆய்வு, புள்ளியியல், கள நேர்காணல் ஆகியவற்றில் ஒன்றையாவது அவள் முழுமையாகக் கற்க வேண்டும். பொருளியலையும் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும். பருத்தி விலையும் கூலியும் புரியாமல் மேற்சொன்ன கதை புரியாது. வேலையைப் பொறுத்தவரை, சட்டம், இதழியல், அருங்காட்சியகம், ஆசிரியப்பணி ஆகியவற்றுக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் அவற்றுக்கும் பெரும்பாலும் மேற்படிப்போ பயிற்சியோ தேவைப்படும்.

முடிவெடுக்கும் முன், அத்துறையின் இறுதியாண்டு மாணவர்கள் அண்மையில் எழுதிய ஆய்வேடுகள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி, நீங்களும் மகளும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.