இரண்டாம் பிரடெரிக்கின் கேடயத்தில் ஒருதலைக் கழுகா, இருதலைக் கழுகா?

வணக்கம். 1240ஆம் ஆண்டில் நிகழும் உங்கள் சித்திரக்கதையில், புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரடெரிக்கின் கேடயத்தில் இருதலைக் கழுகை வரையலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒருதலைக் கழுகையே வரையுங்கள். பொன்னிறப் பரப்பில் கரிய கழுகு. 1231 முதல் சிசிலி அரசில் அவர் வெளியிட்ட அகுஸ்தாலே என்னும் பொற்காசின் ஒரு பக்கத்தில், பண்டைய ரோமப் பேரரசரைப் போல இலைமாலை சூடிய அவர் முகமும், மறுபக்கத்தில் சிறகு விரித்துத் தலையை ஒருபுறம் திருப்பி நிற்கும் ஒருதலைக் கழுகும் உள்ளன. இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இங்கிலாந்துத் துறவி மேத்யூ பாரிஸ் அந்தக் காலத்திலேயே பிரடெரிக்குக்கு இருதலைக் கழுகை வரைந்திருக்கிறார் என்பது உண்மைதான். உங்களைக் குழப்பியதும் அதுவாக இருக்கலாம். ஆனால் பேரரசருக்கு இருதலை, பேரரசராக முடிசூடாத ஜெர்மானிய அரசருக்கு ஒருதலை என்ற வேறுபாடு, 1433இல் ரோமில் முடிசூடிய சிகிஸ்முந்தின் காலத்தில்தான் நிலைபெற்றது.

இன்னொன்று: மணிமுடியை வட்டமாக வரைந்துவிடாதீர்கள். இன்று வியன்னாவில் உள்ள பேரரசின் மணிமுடி, எட்டுத் தகடுகள் கீல்களால் இணைந்த எண்கோணம். நெற்றித் தகட்டில் 12 பெரிய கற்களும், அதற்கு மேல் ஒரு சிலுவையும், அங்கிருந்து பின்புறம் வரை செல்லும் ஒற்றை வளைவும் உண்டு.