பெரம்பலூர் மாவட்டம்: ஊர், ஊராட்சி, தலைக்கணக்கு (கேள்வி பதில்)

பதில் சொல்பவர்: வருவாய்த்துறையில் கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) இருந்து ஓய்வு பெற்றவர்.

நம் மாவட்ட மக்கள்தொகை இப்போது எவ்வளவு ஐயா? கல்லூரி புராஜெக்டுக்கு வேண்டும். (குரும்பலூர் மாணவி)

கடைசியாக எண்ணி முடித்தது 2011-ல்தான் அம்மா. 5,65,223 பேர். அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு நம் மாவட்டம்தான். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள். அதற்குப் பிந்திய எண் எதைப் பார்த்தாலும் அது மதிப்பீடு. அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

தெருவிளக்கு எரியவில்லை. வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்தும் நடக்கவில்லை. (ஆலத்தூர் ஒன்றியம்)

மனு போக வேண்டிய இடம் அதுவல்ல தம்பி. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்றால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார். குடிநீர், விளக்கு, சாக்கடை, வீட்டு வரி எல்லாம் ஊராட்சி; அதற்கு மேல் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நகலோடு போங்கள்.

எங்கள் ஊருக்கு சென்சஸில் ஓர் எண், ஊராட்சியில் வேறு எண். எது சரி? (வேப்பந்தட்டை வட்டம்)

இரண்டும் சரியாக இருக்கலாம். சென்சஸ் புத்தகம் வருவாய் கிராமத்தை வைத்து எண்ணுகிறது. ஊராட்சி எல்லை வேறு. மாவட்டத்தில் 121 ஊராட்சிகள். வருவாய் கிராமங்கள் அதைவிட அதிகம். ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்கள் வரும். பக்கத்துக் குக்கிராமம் ஊராட்சியில் உங்களோடும், நிலக்கணக்கில் அடுத்த ஊரோடும் இருக்கும். தண்ணீர் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்துதான் வரும், அடங்கல் (சாகுபடிக் கணக்கு) மட்டும் வேறு வி.ஏ.ஓ. கையில். உங்கள் பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டாவில் இருப்பது வருவாய் கிராமத்தின் பெயர், ரசீதில் இருப்பது ஊராட்சியின் பெயர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஊராட்சிக்கு வரும் மானியத்துக்கும், தலைவர் பதவி இடஒதுக்கீட்டுக்கும் மக்கள்தொகைதான் அடிப்படை. 2011-க்குப் பிறகு குடியேறிய தெருக்கள் அதில் இல்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

மகன் துபாயில் இருக்கிறான். அவனை எண்ணுவார்களா? (லப்பைக்குடிக்காடு)

மாட்டார்கள் அம்மா. கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க வெளியூரில் இருப்பவரை இங்கே சேர்ப்பதில்லை. திருப்பூரில் வேலை பார்ப்பவர் திருப்பூர்க் கணக்கில் வருவார். வெளிநாட்டில் இருப்பவர் எதிலும் வரமாட்டார். 2011-ல் நம் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்கள் சற்றே அதிகமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தாத்தா கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை). அந்த வேலை குடும்பத்துக்கு வருமா? (குன்னம்)

வராது. பரம்பரைப் பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வி.ஏ.ஓ.; அதற்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுதான்.

பழைய பத்திரத்தில் திருச்சி மாவட்டம் என்று இருக்கிறது. செல்லுமா? (பூலாம்பாடி)

தாராளமாகச் செல்லும். 1995-ல்தான் நாம் திருச்சியிலிருந்து பிரிந்தோம். அரியலூர்க்காரர்களுக்கு இன்னும் சுற்று: 2001-ல் தனி மாவட்டம், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் திரும்பவும் தனி. பத்திரத்தில் கிராமப் பெயரும் புல எண்ணும் சரியா என்று மட்டும் பாருங்கள். நிலம் உட்பிரிவு ஆகியிருந்தால், பழைய எண்ணுக்கு இப்போது எந்த எண் என்று வட்ட அலுவலக நில அளவைப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.