அப்பாவின் ‘சரி’

கேள்வி: எனக்கு வயது 28. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் நகைச்சுவைக் கதைகளைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். 500 சொல்லுக்குள் முடிக்க வேண்டும் என்பது போட்டி விதி. ஒரு கதைக்கு மூன்று மாதம் ஆயிற்று. “500 சொல் எழுத மூன்று மாதமா?” என்று அம்மாவும் அக்காவும் குத்திக் காட்டுகிறார்கள். அப்பா மட்டும் எதுவும் சொல்வதில்லை. பட்டறையின் முன்னறையை எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோதுகூட ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் பின்தாழ்வாரத்துக்கு மாறிக்கொண்டார். கதையை இணைத்திருக்கிறேன். இதுவும் உழைப்புதான் என்று வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், சிவதாபுரம்

பதில்:

தம்பி, உங்கள் கதையை ஏழு முறை படித்தேன். மாப்பிள்ளை வீட்டார் சத்தம் வராத கொலுசு கேட்கிறார்கள், பெண் வீட்டார் தெருக்கோடி வரை கேட்கும் கொலுசு வேண்டும் என்கிறார்கள். யார் பக்கம் சாய்வது என்று வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை அழுத்தினாலும் பட்டறைக்கார அப்பா ‘சரி’ என்கிறார். கடைசியில் மணப்பெண் ஒரு காலில் சத்தமும் மறு காலில் மௌனமுமாக மேடையேறுகிறாள். வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்று மாதம் ஆனதையும் நம்புகிறேன். மாதாமாதம் இந்தப் பக்கத்தின் அளவுக்குள் அடங்க எழுதுகிறவள் நான். நீட்டி எழுதுவது எத்தனை சுலபம் என்று தெரியும். எந்தப் பக்கத்துக்கு வாசகர் பத்து முறை திரும்பி வந்தாலும் சொற்கணக்கு ஒரு முறைதான் என்பதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே ‘சரி’யை வைத்துக் கதை முழுவதையும் ஓட்டியிருக்கிறீர்கள். கெட்டிக்காரத்தனம். ‘வேண்டாமென்றுசொல்லிவிட்டாராம்’ என்று ஒட்டி எழுதி ஒரே சொல்லாகக் கணக்குக் காட்டியதையும் பார்த்துவிட்டேன். ஆங்கிலக்காரனுக்கு இந்த வசதி கிடையாது, அனுபவியுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கவிதை, குறும்படம், சமையல் வீடியோ என்று தொழிலின் பெயர்தான் மாறுகிறது. ‘வீட்டார் புரிந்துகொள்வதில்லை’ என்ற வரி இருபது வருடமாக அதே கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அம்மாவும் அக்காவும் இரண்டு வார்த்தை சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குத்திக் காட்டுகிறவர்களுக்கு உங்கள்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்துவது அந்த முன்னறை.

நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறைகள் எனக்குப் புதிதில்லை. தெருவைப் பார்த்த ஜன்னல் எந்த அறையில் இருக்கிறதோ, அங்கேதான் வேலை செய்கிறவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கண்ணி எவ்வளவு பெரியது? எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் சாமணத்தால் பிடித்து, வாய் சேர்த்து, பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊத வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பொடியோடு கண்ணியும் உருகி உருண்டையாகிவிடும். அந்த வேலையை உங்கள் அப்பா இப்போது தாழ்வாரத்து இருட்டில் செய்கிறார். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதற்கும் ‘சரி’ என்று சொல்லும் ஒரு அப்பாவைப் பற்றி நகைச்சுவை எழுதுகிறீர்கள்.

‘பொடி வைத்துப் பேசுவது’ என்கிறோமே, அந்தப் பேச்சு உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் தொழிலிலிருந்து வந்தது என்பார்கள். நான் பொடி வைக்காமலே கேட்கிறேன்: அவரிடம் நீங்கள் கேட்டது ஒரு கேள்வியா?

இந்த ஏமாற்று வேலை எப்படி என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். திரையில் இரண்டு வழி தெரியும், இரண்டும் ஒரே பக்கத்தில் போய் முடியும். கதையில் அது வேடிக்கை. வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு வந்து நிற்கும் மகன் “அறையை எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால், ‘மாட்டேன்’ என்ற பொத்தானை அழுத்தும் தகப்பன் யார்? அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதவே இல்லை. எழுதாத பக்கத்துக்கு அவர் எப்படிப் போவார்? பெற்றவர்களின் சம்மதத்தை வாயிலிருந்து வாங்கக் கூடாது, முகத்திலிருந்து வாங்க வேண்டும் என்று நினைக்கும் பழைய காலத்து மனுஷி நான். ‘என் இஷ்டம், என் வாழ்க்கை’ என்று எனக்குப் பதில் கடிதம் போடாதீர்கள். அந்த வாழ்க்கைக்கு வாடகை இல்லாத அறையும் ஜன்னலும் அவர் கொடுத்தது.

கதையை அப்பா பார்த்தாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊர் உலகமெல்லாம் அழுத்தி அழுத்திச் சிரித்திருக்கிறது, யாரை வைத்துச் சிரிக்கிறார்களோ அவருக்குத் தெரியாது. எனக்கு இது பிடிக்கவில்லை.

உங்கள் கலைக்குக் கொள்ளுத்தாத்தா முறையில் ஒருவர் உண்டு, வில் க்ரௌதர் என்ற அமெரிக்கர். குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் போட்ட அனுபவத்தைக் கொண்டு, 1970களின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார். ‘விளக்கை எடு’ என்பதுபோல இரண்டு சொல்லில்தான் அதற்குக் கட்டளையிட முடியும். உங்கள் 500 அதற்கு முன்னால் ஆடம்பரம். அதை எதற்கு எழுதினார் தெரியுமா? மனைவியைப் பிரிந்திருந்த காலம் அது. தன் இரண்டு பெண்களும் விளையாட வேண்டும் என்று எழுதினார். முதல் வாசகர் யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. 2009-ல் ட்வைன் என்ற இலவசக் கருவி வந்து, நிரல் எழுதத் தெரியாதவர்களும் இப்படிக் கதை கட்டலாம் என்று ஆனதெல்லாம் எத்தனையோ வருடம் கழித்து.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். மாலையில் இரண்டு தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். கதையை உரக்கப் படியுங்கள். வழி பிரியும் இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, எந்தப் பக்கம் போகலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சிரிக்கலாம். “சத்தம் வராத கொலுசுக்கு உள்ளே முத்து போடமாட்டார்களடா” என்று உங்கள் தொழில் தவறைத் திருத்தலாம். எழுந்து உள்ளேயும் போய்விடலாம். எதைச் செய்தாலும் குறுக்கே பேசாதீர்கள்.

அறையைப் பற்றி மட்டும் மறுபடி கேட்காதீர்கள். கேட்டால் ‘பரவாயில்லை, இருக்கட்டும்’ என்பார், நீங்களும் நிம்மதியாகத் திரும்பிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் மேசையைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, அவருடைய பலகையையும் சாமணத்தையும் ஜன்னலடியில் கொண்டுவந்து வையுங்கள். கம்ப்யூட்டர் இருட்டிலும் வேலை செய்யும். அதற்குச் சொந்த வெளிச்சம் உண்டு.