கொதிநீரைப் படம்பிடிக்கும் பெண்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெக்கானிக்கல் கடைசி ஆண்டில் இருக்கும் மகள், தண்ணீர் கொதிப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். உங்கள் மைத்துனரோ, கடன் வாங்கியாவது செயற்கை நுண்ணறிவில் முதுநிலை சேர்த்துவிடச் சொல்கிறாராம். கவலை புரிகிறது. ஆனால் நான் மைத்துனர் பக்கம் இல்லை.

அந்தப் படிப்பில் குறையில்லை. விருப்பமில்லாத பெண்ணைக் கடனையும் கட்டி அதில் தள்ளுவதுதான் தப்பு. வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்லும் துறையே இன்று சூட்டில்தான் திணறுகிறது. அதன் சிப்புகளிலிருந்து வெப்பத்தை இறக்க மின்விசிறி போதாமல் திரவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

‘கொதிக்கிற தண்ணீரில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற சுமார் 420 ஜூல் போதும். அதே ஒரு கிராம் ஆவியாக 2,257 ஜூல் வேண்டும், அதுவும் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல். சிப்பிலிருந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போக இதைவிட நல்ல கூலியாள் கிடைப்பது கடினம்.

ஆனால் இந்தக் கூலியாளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1934இல் ஜப்பானில் நுகியாமா என்ற ஆய்வாளர், நீருக்குள் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடேற்றிப் பார்த்தார். ஓரளவுக்கு மேல் போனால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து ஆவிப் படலமாகிவிடும், நீர் உலோகத்தைத் தொடாது, சூடு திடீரென்று எகிறும், கம்பியே உருகிவிடலாம். வழவழப்பான பரப்பில், சாதாரண அழுத்தத்தில், நீருக்கு அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். 1981இல் டக்கர்மேன், பீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிலிக்கானில் சுமார் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலத் தடங்கள் வெட்டி, நீரைக் கொதிக்கவிடாமலே ஓட்டி அதே சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வரை எடுத்துக் காட்டினார்கள். அத்தனை குறுகிய தடத்துக்குள் நீரைக் கொதிக்கவிட்டால் ஒரே குமிழி வழியை அடைத்து, ஓட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதை அடக்குவதற்குத்தான் பரப்பில் மைக்ரான் குழிகளும் தூண்களும் செதுக்கிப் பார்க்கிறார்கள்.

வேலை பகட்டானதல்ல, சொல்லிவிடுகிறேன். நீரில் கரைந்த காற்றை வெளியேற்றவே பாதி நாள் போகும். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி பொய் சொன்னால் ஒரு மாத உழைப்பு வீண். ஒழுகும் இணைப்பைத் தேடி இரவெல்லாம் உட்கார வேண்டும். அப்புறம் அதிவேக கேமராவில் ஒரு குமிழி பிறந்து பிரிவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதற்காகவே சிலர் இதில் இருக்கிறார்கள்.

பணத்தில் மட்டும் நான் கறார். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தில் சேர வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. இதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். பேராசிரியர் வேலையை மட்டுமே நம்பிப் போவதும் கூடாது, அந்த இடங்கள் குறைவு. மின்னணுக் குளிர்விப்பு, மின்வாகன பேட்டரி, விண்கலம், குளிர்பதனம் என்று தொழில் பக்கமும் அவள் பார்த்து வைக்கட்டும். சேருமுன் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நேராகக் கேட்கட்டும்.

பாத்திரத்தின் அடியில் குமிழி கிளம்புவதை அலைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்து நேரத்தை வீணாக்குகிறாள் என்று குறைபட்டிருக்கிறீர்கள். அதில் நன்றாக வந்த ஒன்றை அந்த ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.